மணி, எண்ண முடியாதது

முக்கூடல். ஐந்தாம் வகுப்பு, ஆ பிரிவு.
கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கிழித்தேன்.
இந்தப் பக்கம் எண்ண முடிந்தவை,
அந்தப் பக்கம் முடியாதவை.
பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் ஒரு 'ஸ்' ஒட்டுகிறதா பார்,
ஒட்டாவிட்டால் அந்தப் பக்கம் தள்ளு.
பயிற்சியில் எனக்குச் சொல்லித்தந்தது அவ்வளவுதான்.

பெஞ்ச், பென்சில், ஆற்றுப்பாலத்துத் தூண், ஆடு.
இந்தப் பக்கம் நிமிஷத்தில் நிறைந்துவிட்டது.
ஆடு என்றதும் லூர்துராஜ்
அவன் பெரியப்பா வீட்டு ஆடுகளை
பெயர் சொல்லி எண்ணத் தொடங்கினான்.
நாலாவது பெயரில் உட்காரவைத்தேன்.

தண்ணீர்?
'எண்ணலாம் டீச்சர். ரெண்டு குடம்.'
நீ எண்ணுவது குடத்தை.
சோறு?
'ரெண்டு தட்டு.'
தட்டை.
மணல்?
'ரெண்டு லாரி டீச்சர், நேத்து ராத்திரி
எங்க தெருவழியாத்தான் போச்சு.'
லாரியை எந்தப் பக்கமும் எழுதாமல்
அடுத்த சொல்லுக்குப் போனேன்.

ஹோம்வொர்க் எண்ண முடியாதது என்றபோது
வகுப்பே எழுந்து ஒப்புக்கொண்டது.
ஆறு வருஷத்தில்
நான் நடத்திய இலக்கணத்துக்கு விழுந்த
ஒரே கைதட்டு.

அப்புறம் வந்தது மணி.
ஆங்கிலத்து மணி. அதாவது பணம்.
அந்தப் பக்கம் எழுதிவிட்டுத் திரும்பினால்
அத்தனை முகமும் சுடலைமணியைப் பார்க்கின்றன.
'ஏலே, ஒன்னய எண்ண முடியாதாம்ல.'
அவன் எழுந்து
ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினான்.
ஒன்று.

கோயில் மணி, கழுத்து மணி,
நெல்மணி, பத்து மணி.
நம் மணியெல்லாம் எண்ணுவதற்கென்றே பிறந்தவை.
பாசிமணி அறுந்தால்
கட்டிலுக்கடியில் தவழ்ந்தாவது எண்ணிப் பொறுக்குவோம்.
காசை எண்ணலாம், நோட்டை எண்ணலாம்,
மணியை மட்டும் கூடாது என்கிறது இங்கிலீஷ்.
ஏன் என்று கேட்டார்கள்.
புத்தகத்தில் ஏன் இல்லை, ஆகும் ஆகாது மட்டும்தான்.

முப்பிடாதி எழுந்தாள்.
'எங்க வீட்டு மணிய எண்ணிரலாம் டீச்சர்.
சனிக்கிழம எங்கம்மை எண்ணுதா.
சீக்கிரம் முடிஞ்சிரும்.'

யாரும் சிரிக்கவில்லை.
பாதிப் பேர் தலையாட்டினார்கள்.
நிர்வாகம் தருகிற ஏழாயிரத்தை
நானும் இரண்டு தரம் எண்ணுகிறவள்தான்,
இரண்டாம் தரம் கூடிவிடும் என்பதுபோல.

வெள்ளிக்கிழமை நோட்டுத் திருத்தினேன்.
முப்பிடாதியின் நோட்டைப் பிரித்ததும் புகையிலைத்தூள் நெடி,
எனக்கொரு தும்மல்.
எண்ண முடியாதவை ஐந்து எழுதுக.
வாட்டர். சால்ட். ரைஸ். ஹேர்.
ஐந்தாவது, பீடி.

பீடியா?
தூளும் இலையும் நிறுத்து வாங்கி
சுற்றியதை எண்ணிக் கொடுக்கிற ஊர் இது.
இருபத்தைந்து ஒரு கட்டு,
நாற்பது கட்டு ஆயிரம்.
கடைக்காரர் கழித்துப் போடுவதைக்கூட
எண்ணித்தான் கழிப்பார்.

கூப்பிட்டேன்.
தினமும் எண்ணுகிறீர்கள் அல்லவா,
பிறகு இதை ஏன் இந்தப் பக்கம் எழுதினாய்?

'எண்ணுதோம் டீச்சர்.
முடியத்தான் மாட்டுக்கு.'

கோட்டுக்கு அந்தப் பக்கம்
மூன்று நாளாக அழிக்காமல் கிடந்த தலைப்பை
மறுபடி வாசித்துப் பார்த்தேன்.
எண்ண, முடியாதவை.

சிவப்புப் பேனா அந்தச் சொல்லின் மேலேயே நின்று
ஒரு புள்ளி வைத்துவிட்டது.
அது சரியா தப்பா என்று அவள் கேட்கவில்லை.
மணி அடித்துவிட்டது,
கையில் தட்டு இருந்தது,
சத்துணவு வரிசையில்
சுடலைமணி அவளுக்கு இடம் பிடித்திருந்தான்.